அவிழ்க்கிற கத்தி

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய மாலுக்குப் போயிருந்தோம். வாசலில் பைகளை உள்ளே விட்டுப் பார்க்கிற மிஷினில் எல்லோருடைய பையும் போய்விட்டது, என்னுடையது மட்டும் நின்றுவிட்டது. சீருடை போட்ட பெண் பையைத் திறக்கச் சொன்னாள். சீப்பு, தொண்டை மாத்திரை, பழைய பஸ் டிக்கெட்டுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் அந்த மடக்குக் கத்தியை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். நான் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"கத்தி எதுக்குங்க மேடம்?"

முடிச்சு அவிழ்க்க என்று உள்ளதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சும்மா இருக்கலாமல்லவா? இருக்க மாட்டார். "பார்த்து எடுங்க அம்மணி, இவ தாலியை அறுத்த கத்தி அது" என்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு டோக்கன் கொடுத்து, கத்தியை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள்.

அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. அந்தக் கத்தி என் தாலியை அறுத்ததுதான். அறுத்தவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி ஏற்கெனவே ஒருமுறை ஒரு வரி எழுதியிருக்கிறேன். அது செய்த வேலை போதும்.

எல்லோரும் அவரைத் தொழிலை வைத்துப் பிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். நான் பிட்டரண்ணா என்பேன். பல்லடத்துக்குத் தெற்கே, நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரையும் சேர்த்து, சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு விசைத்தறிக் குடோன்களுக்கு அவர்தான் ரிப்பேர்காரர். தறி நின்றால் முதல் போன் அவருக்குப் போகும். "வாரேனுங்க" என்பார். எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டார், ஆனால் வந்துவிடுவார். ஒல்லியான ஆள், அப்போது ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், ஒரு துண்டுப் பென்சில், இந்தக் கத்தி. கத்தியின் பித்தளைப் பிடியில் ஓட்டை போட்டு, பாவு நூலை நாலைந்தாக முறுக்கி அதில் கட்டி, மறுமுனையைச் சட்டைப் பொத்தானில் மாட்டியிருப்பார். குனிந்து வேலை செய்யும்போது கத்தி நழுவி விழுந்தாலும் நூலில் தொங்கும்.

அந்தக் கத்தி செய்யாத வேலை கிடையாது. ஒயர் தோலை உரிக்கும், மோட்டாரில் படிந்த கரியைச் சுரண்டும், காலில் ஏறிய முள்ளை எடுக்கும். எங்கள் கொய்யா மரத்தில் பழுத்ததைப் பறித்து நாலாக அரிந்து, மூன்று துண்டைத் தறி ஓட்டுகிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தான் தின்பார். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அது வராது. கயிற்றை அறுக்க மாட்டார்.

நான் கல்யாணமாகிப் போன புதிதில் ஒருநாள் நூல் மூட்டை வந்தது. வாய் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. தறிகள் ஊடை நூல் இல்லாமல் நிற்கின்றன. அத்தை, அதாவது என் மாமியார், அவரிடம், "ஏப்பா பிட்டரு, அறுத்து உடு" என்றார். அவர் குந்தவைத்து உட்கார்ந்து, கத்தி முனையை முடிச்சுக்குள் விட்டு நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பத்து நிமிஷம் கழித்து அவிழ்த்தார். அவிழ்த்த சணலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் அத்தை மூன்று தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. நான் வாயை அடக்க முடியாமல், கத்தியை வைத்துக்கொண்டு இவ்வளவு பாடா என்று கேட்டேன்.

"கட்டுனவன் ஒருத்தன் இருக்கானுங்களே அம்மணி. அவன் மெனக்கெட்டுக் கட்டியிருக்கறான். அவனைக் கேக்காம எப்படிங்க அறுக்கறது?"

இதற்காகவே கத்தியின் முனையைக் கல்லில் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அவருக்குக் கத்தி என்றால் அறுக்கிற சாமான் இல்லை, அவிழ்க்கிற சாமான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டில் நூல் சிக்கு விழுந்தால், எதையாவது அவிழ்க்க முடியாவிட்டால், பிட்டர் வரட்டும் என்று அப்படியே வைத்துவிடுவார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, நானே அவர் வருவதற்காக முடிச்சுகளை எடுத்துவைக்க ஆரம்பித்தேன்.

கன்றுக்குட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். பிற்பாடு அதுதான் அவர் தலையில் விழுந்தது. தென்னை மரத்தில் கட்டியிருந்த கன்று மரத்தையே சுற்றிச் சுற்றி வந்து, கயிறு குறைந்துபோய், கால் வழுக்கி வாய்க்காலுக்குள் தொங்கிவிட்டது. கழுத்து இறுகி நாக்கு வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் பிட்டரண்ணன் வாய்க்காலில் இறங்கி, கன்றின் நெஞ்சுக்கு அடியில் தன் முழங்காலைக் கொடுத்து மேலே தூக்கி நிறுத்தினார். கயிறு தளர்ந்தது. அப்படியே நின்றபடி கத்தி முனையால் முடிச்சை நெம்பினார். அறு, அறு என்று நாங்கள் எல்லோரும் கரையில் நின்று கத்துகிறோம். அவர் திரும்பியே பார்க்கவில்லை. முடிச்சு விட்டது, கன்று எழுந்து ஓடியது. அத்தைக்கு அன்றைக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம். டீ போட்டு, இரண்டு முறுக்கும் வைத்துக் கொடுத்தார்.

டீ பேப்பர் கப்பில்தான். எங்கள் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், பிட்டருக்கு மட்டும் பேப்பர் கப். அதற்கென்று ஒரு கட்டு வாங்கி அடுப்படி அலமாரியில் வைத்திருப்போம். அவர் எந்தத் தெருக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். நான்தான் பெரும்பாலும் அந்தக் கப்பை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை. இன்றைக்கு உறுத்துகிறது என்று எழுதிக்கொள்வதில் பெருமையும் இல்லை.

இன்னொரு பழக்கம், கத்தியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். கையில் கொடுத்தால் பகை வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. கீழே வைத்தால் எடுத்துக்கொள்வோம். ஆனால் அவர் அதைப் பிடித்த பிடி வேறு யாரும் பிடித்ததில்லை. ஒருமுறை மோட்டார் பேரிங் வாங்க என் வீட்டுக்காரரும் அவரும் காந்திபுரம் போயிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஏதோ சோதனை. போலீஸ்காரர் ஒருவர் சட்டைப் பையில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்திருக்கிறார், கத்தி வெளியே வந்துவிட்டது. கொடு என்று கையை நீட்டியிருக்கிறார். இவர் நூலைக் கழற்றிக் கத்தியைத் தரையில் வைத்திருக்கிறார். கையில கொடுடா என்று அவர் சத்தம் போட, இவர் மறுபடியும் தரையைக் காட்டியிருக்கிறார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தார். வருகிற வழியெல்லாம், கையில் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று திட்டியிருக்கிறார். போலீஸ்காரரோடு எனக்கு எதுக்குங்க தம்பி பகை என்றாராம்.

அந்த ஆடியில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாமனார் கூட இருந்தார். தினமும் காலையில் போன் வரும். ரத்தத்தில் தட்டணு நேற்றைவிட இறங்கியிருக்கிறது என்பார். அத்தை சாப்பிடுவதை விட்டுவிட்டார். துணி கொடுத்தாக வேண்டிய கெடு இருந்ததால் தறிகளை நிறுத்த முடியவில்லை. நானும் அத்தையும் இரண்டு தறிப் பெண்களும் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ஆடிப்பெருக்கு முடிந்து நாலாவது நாள். பெருக்கன்று புதுத் தாலிக்கயிறு மாற்றியிருந்தேன். நல்ல கனமான மஞ்சள் கயிறு, அத்தையே பார்த்து வாங்கியது. பிடரியில் மூன்று முடிச்சுப் போட்டதும் அவர்தான். மகன் எழுந்து வருகிற வரைக்கும் இது அசையக் கூடாது என்று சொல்லிச் சொல்லி இறுக்கினார். அன்று காலை பதினோரு மணி இருக்கும். தார் ஒன்று, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டை, கைதவறி உருண்டு தறியின் மோட்டார் பக்கமாகப் போய்விட்டது. எடுக்கக் குனிந்தேன். பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்கு மூடி போடவேண்டும் என்று பிட்டரண்ணன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் போடவில்லை. மாராப்புக்குள் கிடந்த தாலி வெளியே விழுந்து ஆடியது. கயிறு பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போனதை நான் பார்த்தேன். பார்த்த அந்த நேரத்திலேயே என் முகம் இரும்புச் சட்டத்தில் மோதிவிட்டது.

பிட்டரண்ணன் அன்று பக்கத்துத் தறியை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்விட்சை அடித்து நிறுத்தினார். நிறுத்தியும் பிரயோஜனமில்லை, கயிறு அதற்குள் அச்சில் சுற்றிக்கொண்டு என் கழுத்தைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டது. சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றப் பார்த்தார். கொஞ்சம் அசைந்து இன்னும் இறுகியது. எனக்கு மூச்சு போகவும் இல்லை, வரவும் இல்லை. கத்தியைப் பொத்தானிலிருந்து பிய்த்து எடுத்ததும், அது விரிகிற சத்தமும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

அத்தைக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். ஓடி வந்தார்.

"அறுத்துப்போடாதப்பா. என்ற பையன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். அறுத்துப்போடாத."

அத்தையைக் கெட்டவளாக எழுத எனக்கு இஷ்டமில்லை. மருமகள் சாகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் கண்ணுக்கு அந்தக் கயிற்றின் ஒரு முனையில் நான் தொங்கினேன், மறுமுனையில் அவர் மகன் தொங்கினான், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் நான் செய்தேன். கண்ணில் பூச்சி பறக்கிறது, நெஞ்சு வெடிக்கப் போகிறது, அந்த நேரத்தில் என் கை போய்ப் பிட்டரண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அறுக்க விடாமல் பிடித்துக்கொண்டது. நகம் தோலுக்குள் இறங்கியது எனக்கே தெரிந்தது.

அவர் அறுக்கவில்லை. என் கையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவர் கை என் பிடரிக்குப் போயிற்று. கத்தி முனை குத்தாமல் முடிச்சுக்குள் நுழைந்தது. அவர் உடம்பு மறைத்ததால் அத்தைக்கு அது தெரிந்திருக்காது. பிடரி என்னுடையது, எனக்குத் தெரிந்தது. ஒரு முடிச்சு விட்டது. இரண்டாவதும் விட்டது. மூன்றாவது விடவில்லை. மஞ்சளும் வேர்வையும் ஊறிக் கல்லாகியிருந்தது. அவர் ஒரு தடவை குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தியைத் திருப்பினார்.

கண் விழித்தபோது பல்லடத்தில் ஒரு டாக்டர் வீட்டில் படுத்திருந்தேன். தொண்டை உள்ளே நசுங்கி வீங்கியிருக்கிறது, பதினைந்து நாள் பேசக் கூடாது என்றார்கள். பேசவும் வரவில்லை. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரை ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள்.

அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் தாலி அறுந்தது, சாயங்காலம் பையன் ஐ.சி.யு. அத்தை வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினார். "கன்னுக்குட்டி கவுத்தையே அறுக்காதவன் என்ற மருமவ தாலியை அறுத்துப்போட்டான்." கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாக்கு மூட்டைக்குப் பத்து நிமிஷம் மெனக்கெடுகிற ஆள் இதை மட்டும் ஏன் அறுக்க வேண்டும்? அவர் கையிலிருந்த என் நக அடையாளங்களை யாரோ டீக்கடையில் பார்த்துவிட்டார்கள். தறிக் குடோனில் ஒரு பொம்பளை நகம் ஏன் அவன் கையில் பட்டது என்று அதற்கு வேறொரு கதையும் ஓடியது. இரண்டு கதையும் போய் முட்டிய இடம் அவர் எந்தத் தெருக்காரர் என்பதில்தான்.

நாலாவது நாள் பங்காளி வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், இளையவன் கதவோரம் நின்றுகொண்டான். வாசலில் கூட வந்தவர்களின் மூன்று பைக் இன்ஜின் ஓடியபடியே நின்றது, யாரும் அணைக்கவில்லை. அத்தை ஒரு பழைய ரூல் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிட்டர் வீட்டுக்குத்தான் போகிறோம், போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்றார் மூத்தவர்.

"நீ சொல்லி அறுத்தானா, சொல்லாம அறுத்தானா? அது மட்டும் எழுதிப்போடு அம்மணி."

அந்த மனிதர் ஊரில் இருப்பதும் போவதும், அவர் மேல் கை படுவதும் படாததும் என் பேனாவில் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. நான் சொன்னேன் என்று எழுதினால், புருஷன் உயிருக்குப் போராடிக் கிடக்கும்போது தாலியை அறுக்கச் சொன்னவள் நான். அவர் பிழைக்காவிட்டால் ஆயுசுக்கும் நான்தான். அத்தையின் கை என் தோள்மேல் இருந்தது. நான் எழுதினேன்:

நான் சொல்லவில்லை.

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதற்கு அடுத்த வரியில் "அவர் அவிழ்க்கத்தான் பார்த்தார், இரண்டு முடிச்சு அவிழ்த்தார்" என்று எழுதவேண்டும் என்று பேனாவை வைத்தேன். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எல்லோரும் அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். தட்டணு இன்னும் ஏறவில்லை என்பதைத் தவிர வேறு சேதி இல்லை. நான் குனிந்தபோது மடியில் நோட்டு மட்டும்தான் இருந்தது. மூத்தவர் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த தாள் காலியாகத்தான் இருந்தது. பேனாவும் கையில் இருந்தது. நான் எழுதவில்லை. போனைச் சாக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், தொண்டையைச் சாக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

அங்கே நடந்ததைத் தறிப் பெண் ஒருத்தி பிறகு எனக்குச் சொன்னாள். அவளும் அதே தெருதான். தாளை அவர் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறார்கள். படித்துவிட்டு, "அறுத்தது நான்தானுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நகம் எப்படிப் பட்டது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. இளையவன் சட்டையைப் பிடித்திருக்கிறான், சட்டை கிழிந்திருக்கிறது. அவர் மனைவி நடுவில் வந்து விழுந்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். கிளம்பும்போது அவர், "தம்பி எப்படி இருக்காருங்க?" என்று கேட்டிருக்கிறார். அதை நீ கேட்காதே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு எந்தக் குடோனிலிருந்தும் அவருக்குப் போன் போகவில்லை. என் வீட்டுக்காரர் பத்தாவது நாள் எழுந்து உட்கார்ந்தார், பதினாலாவது நாள் வீட்டுக்கு வந்தார். சாமி காப்பாற்றியது என்றார்கள். கெட்டுப்போனால் பிட்டர் அறுத்தது, பிழைத்துக்கொண்டால் சாமி காப்பாற்றியது. எங்கள் ஊர்க் கணக்கு அப்படி. விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் அம்மாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் பிட்டரைத் தேடிப் போனார். வீடு பூட்டியிருந்தது. எங்கே போனார்கள் என்று அந்தத் தெருவில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

குடோனைக் கூட்டும்போது தறிக்கு அடியில் பஞ்சுத் தூசிக்குள் கத்தி கிடந்தது. விரிந்தபடியே கிடந்தது. பிடியில் பிய்ந்துபோன நூல், அலகின் அடியில் காய்ந்த மஞ்சள். எடுத்துக் காப்பித்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். பிறகு என் கைப்பைக்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து அது இல்லாமல் நான் வெளியே போனதில்லை. பூக்கட்டு, பார்சல் கயிறு, பிள்ளைகளின் ஷூ லேஸ் எல்லாவற்றையும் அதன் முனையால்தான் அவிழ்க்கிறேன். அறுப்பதில்லை. தொண்டை சரியானாலும் குரல் பழையபடி வரவில்லை. போனில் பேசினால் சார் என்கிறார்கள்.

பத்து வருஷம் போயிற்று. தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டுச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பல்லடம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நல்ல மத்தியான வெயில். "அம்மணி" என்று ஒரு குரல் கேட்டது. காக்கிச் சட்டை, தலை முழுக்க நரை. பக்கத்தில் ஒரு பட்டறையில் வாட்ச்மேனாக இருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார். நான் அன்றைக்குக் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தேன், ஒன்றும் தெரிந்திருக்காது.

"ஏனுங்க அம்மணி, தம்பி..."

"நல்லா இருக்காருங்கண்ணா. தொப்பை போட்டிருக்காரு."

அவர் அப்படியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பத்து வருஷமாக இது அவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார், ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டு, தம்பி இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கேட்காமலே இருந்திருக்கிறார்.

இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ வாங்கிவந்து ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். பிறகு, இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அந்தச் சீட்டுல நான் முழுசா எழுதலீங்கண்ணா. ரெண்டு முடிச்சு நீங்க அவிழ்த்தது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும். எழுதலை."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"நீங்க எழுதுனது நெசந்தானுங்களே" என்றார். "வாயில நீங்க சொல்லலை. கை வேண்டாம்னு புடிச்சுது. ஆனாக் கண்ணு, அறுங்கண்ணான்னு சொல்லுச்சுங்க. அதை யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க?"

என் கண் அப்படிச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. பத்து வருஷமாக அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாரா, அல்லது என் முகத்தைப் பார்த்து அந்த நிமிஷம் எனக்காகச் சொன்னாரா என்பதும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பையிலிருந்து கத்தியை எடுத்துப் பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். அவர் எடுத்தார், விரித்தார், முனையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். மழுங்கிப்போச்சுங்க என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் சிமெண்ட் விளிம்பில் நாலு இழுப்பு இழுத்துத் தேய்த்தார். பிடியிலிருந்த பிய்ந்த நூலைத் தடவிப் பார்த்தார். அதற்குள் பல்லடம் பஸ் வந்து ஹாரன் அடித்தது. வைத்துக்கொள்வார் என்று நினைத்து எழுந்தேன். அவர் கத்தியை மடக்கினார். பெஞ்சில் வைக்கவில்லை. என் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் வைத்தார்.

"கையில குடுத்தாப் பகை வருமுங்களேண்ணா" என்றேன்.

"வர்றதா இருந்தா அன்னைக்கே வந்திருக்கோணுமுங்க" என்றார்.

பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குகிற வரைக்கும் அந்தக் கையை நான் திறக்கவில்லை.